கட்டத்துக்குள் அடங்காத தாளம்

சாம்பிளின் கதை: அத்தியாயம் 14

சென்ற அத்தியாயத்தை 1991 டிசம்பரில் நிறுத்தியிருந்தோம். கில்பர்ட் ஓ'சல்லிவன் 1972இல் பாடிப் புகழ்பெற்ற ஒரு பாட்டின் துண்டை, அனுமதி கிடைக்காமலேயே எடுத்துத் தன் ராப்புக்கு அடியில் ஓடவிட்டார் பிஸ் மார்க்கி. வழக்கு நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. பைபிளின் பத்துக் கட்டளைகளில் களவைத் தடுக்கும் கட்டளையோடு தன் தீர்ப்பைத் தொடங்கினார் நீதிபதி கெவின் டஃபி. அன்றிலிருந்து, பழைய பாட்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமையாளரிடம் கேட்க வேண்டும், கேட்ட தொகையைக் கொடுக்க வேண்டும் என்பது நடைமுறையானது. பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவைப் போலப் பத்து இருபது இசைத்தட்டுகளை ஒரே பாட்டில் அடுக்குவது யாருக்கும் கட்டுபடியாகாத காரியமாகிவிட்டது.

தயாரிப்பாளர்களுக்கு இரண்டு வழிகள் மிஞ்சின. எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஒரு பாட்டை எடுத்து, காசைக் கொடுத்து, அப்படியே பயன்படுத்துவது ஒன்று. அதிகம் பேர் கேட்டிராத இசைத்தட்டைத் தேடிப் பிடித்து, மூலம் எதுவென்றே தெரியாதபடி பொடிப்பொடியாக நறுக்கி, புதிதாகக் கோர்ப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வழியில் வேறு யாரும் போகாத தூரம் போனவர் டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் டிவிட் யான்ஸி. முதலில் ஜே டீ என்ற பெயரிலும் பிறகு ஜே டில்லா என்ற பெயரிலும் உலகம் அவரை அறிந்தது. மெட்டை நறுக்கியவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. அவர் நறுக்கியது நேரத்தை. அதனால்தான் இந்தத் தொடரில் அவருக்கென்று ஒரு முழு அத்தியாயம்.

கொனன்ட் கார்டன்ஸ் வீடு

1974 பிப்ரவரி 7 அன்று டில்லா பிறந்தபோது டெட்ராய்ட் தன் பெருமைகளை ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருந்தது. கார் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. அந்த ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்ற மோட்டவுன் நிறுவனம் 1972இலேயே லாஸ் ஏஞ்சலீஸுக்கு இடம் மாறியிருந்தது. ஆனால் இசைக்காரர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. தேவாலயத்தில் பாடுகிறவர்கள், கிளப்பில் ஜாஸ் வாசிக்கிறவர்கள், ஜார்ஜ் கிளின்டனின் பார்லிமென்ட்-ஃபங்கடெலிக் கூட்டத்தோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் என்று தெருவுக்குச் சிலர் இருந்தார்கள். எண்பதுகளில் வான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் டிரம் மெஷினை வைத்து டெக்னோ என்ற புது இசையை உருவாக்கியதும் இதே ஊரைச் சுற்றித்தான். இங்கே மெஷினும் வாத்தியமும் ஒன்றுக்கொன்று பகையாக இருந்ததில்லை.

டெட்ராய்ட்டின் வடகிழக்கே கொனன்ட் கார்டன்ஸ் என்ற கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்தார் டில்லா. தந்தை பெவர்லி டிவிட் யான்ஸி ஜாஸ் பேஸ் கலைஞர், பாடகரும்கூட. தாய் மொரீனும் பாடுவார். வாத்தியம் இல்லாமல் குரல்களை மட்டும் அடுக்கிப் பாடும் ஜாஸ் குழு ஒன்று அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. பேச்சு வரும் முன்பே பையன் சுருதி பிடித்தான் என்றும், நடக்கத் தொடங்கிய வயதிலேயே இசைத்தட்டுகளைச் சுமந்துபோய் பூங்காவில் சுழலவிட்டான் என்றும் தாய் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தாய்ப் பெருமையில் கொஞ்சம் கூடுதல் இருந்தாலும் இருக்கட்டும். குரல் அடுக்குகளுக்கு நடுவில் வளர்ந்த காது அது என்பதற்கு அவருடைய பிற்கால வேலையே சாட்சி.

பெர்ஷிங் உயர்நிலைப் பள்ளியில் டி3, பாட்டின் என்ற இரண்டு நண்பர்கள் கிடைத்தார்கள். மூவரும் சேர்ந்ததுதான் ஸ்லம் வில்லேஜ் என்ற குழு. வெஸ்ட் செவன் மைல் ரோட்டில் மொரிஸ் மலோன் நடத்திய ஹிப் ஹாப் ஷாப் என்ற துணிக்கடையில் ஊரின் ராப் பையன்கள் கூடிப் போட்டி போட்டார்கள். அந்த வட்டத்துக்குள் டில்லாவும் வந்து சேர்ந்தார். ஆனால் அவர் படித்த பள்ளிக்கூடம் வேறு. அது ஒரு பக்கத்து வீடு.

பதினாறு பேட்கள்

ஆம்ப் ஃபிட்லர் அந்த வட்டாரத்துக் கீபோர்டு கலைஞர், ஜார்ஜ் கிளின்டனின் குழுவில் வாசித்தவர். அவர் வீட்டில் அகாய் எம்பிசி60 இருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து பழகட்டும் என்று கதவைத் திறந்துவைத்தவர் அவர். டில்லா வந்தார், அடிப்படைகளைக் கேட்டுக்கொண்டார், பிறகு மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

இந்த மெஷினைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் கதையின் முடிச்சு அதற்குள்தான் இருக்கிறது. ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் சந்தைக்கு வந்தது எம்பிசி60. நான்குக்கு நான்கு என்ற வரிசையில் பதினாறு ரப்பர் பேட்கள். இசைத்தட்டிலிருந்து எடுத்த ஒலித்துண்டை ஒரு பேடில் ஏற்றிவிட்டால், விரலால் தட்டும்போதெல்லாம் அது ஒலிக்கும். அழுத்தித் தட்டினால் உரக்க, மெல்லத் தட்டினால் மெதுவாக. தட்டியதை எல்லாம் மெஷின் நினைவில் வைத்துத் திரும்ப வாசிக்கும்.

மனித விரல் கடிகாரம் போல ஓடாது. கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அதைச் சரிசெய்ய மெஷினில் ஒரு வசதி உண்டு. ஒரு தாள அடியை 96 நுண்பகுதிகளாக மெஷின் பிரித்து வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் ஒரு நுண்பகுதி ஏறத்தாழ 7 மில்லிசெகண்ட். நீங்கள் தட்டியது எங்கே விழுந்தாலும், அருகில் இருக்கும் சரியான கட்டத்துக்கு மெஷின் அதை நகர்த்திவிடும். இதற்குக் குவாண்டைஸ் என்று பெயர். முழுக்கச் சீராக ஒலித்தால் உயிரில்லாமல் இருக்கிறதே என்று, ஒன்றுவிட்டு ஒரு தட்டைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் ஸ்விங் என்ற வசதியையும் லின் சேர்த்திருந்தார். தாளத்துக்கு ஒரு சாய்வு வரும். ஆனால் அந்தச் சாய்வும் ஒரே அளவில், பாட்டு முழுக்க ஒரே மாதிரி வரும்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தார்கள். ஒன்று சீர், இல்லையென்றால் ஸ்விங். டில்லா இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். ஹை-ஹாட் சீராக ஓடும். கிக் டிரம்மை விரலால் தட்டி, குவாண்டைஸ் செய்யாமல் விட்டுவிடுவார். ஸ்நேரை மட்டும் சில நுண்பகுதிகள் முன்னால் நகர்த்தி வைப்பார். ஸ்நேர் முந்தி விழுவதால் மற்றவை எல்லாம் பின்தங்கி, சோம்பலாக, இடுப்பை ஆட்டிக்கொண்டு வருவதுபோல் காதுக்குப் படும். ஒரே தெருவில் மூன்று பேர் மூன்று விதமாக நடந்தாலும் ஒரே நேரத்தில் முனைக்கு வந்து சேர்வதைப் போன்றது இது. யாரும் தாளம் தவறவில்லை, ஆனால் யாருடைய அடியும் மற்றவருடைய அடிமேல் விழவில்லை.

குவாண்டைஸை அணைத்துவிட்டு வாசித்தார், அவ்வளவுதான் என்று டில்லாவைப் பற்றிப் பலரும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. 2022இல் வெளிவந்த 'டில்லா டைம்' என்ற நூலில் டான் சார்னஸ் இதை ஆதாரங்களோடு விளக்கியிருக்கிறார். தட்டுகளை நுண்பகுதி கணக்கில் நகர்த்தும் வசதி மெஷினிலேயே இருந்தது. டில்லா அதை அளந்து, கேட்டு, மறுபடி அளந்து பயன்படுத்தினார். பார்க்கத் தற்செயல் போல இருப்பது அத்தனையும் முடிவெடுத்துச் செய்தது.

ஊரைத் தாண்டி

1994 கோடையில் லாலபலூசா என்ற இசைச் சுற்றுப்பயணத்தில் ஜார்ஜ் கிளின்டன் குழுவும் எ டிரைப் கால்ட் குவெஸ்ட் என்ற ராப் குழுவும் ஒன்றாகப் பயணம் செய்தன. அந்த வாய்ப்பில் டிரைப்பின் க்யூ-டிப்பிடம் டில்லாவை அறிமுகப்படுத்தினார் ஆம்ப் ஃபிட்லர். ஸ்லம் வில்லேஜின் கேசட் க்யூ-டிப் கைக்குப் போனது. அதற்குப் பிறகு டில்லாவின் பெயரைத் தெரிந்தவர்களிடம் எல்லாம் கொண்டுசேர்த்தவர் க்யூ-டிப்தான்.

அப்படி வந்த முதல் பெரிய வேலை, ஃபார்சைட் குழுவின் 1995ஆம் ஆண்டுத் தொகுப்பு. அதில் உள்ள 'ரன்னின்' பாட்டின் கிதார் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் பிரேசில் கிதார் கலைஞர் லூயிஸ் பான்ஃபாவும் சேர்ந்து 1963இல் வெளியிட்ட போஸா நோவா தட்டிலிருந்து. ஃபங்க்கும் சோலும்தான் ஹிப் ஹாப்பின் சுரங்கம் என்று இருந்த காலத்தில், இருபத்தொரு வயதுப் பையன் பிரேசிலுக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு டி லா சோல் குழுவின் 'ஸ்டேக்ஸ் இஸ் ஹை' பாட்டுக்கு ஜாஸ் பியானோ கலைஞர் அஹ்மத் ஜமாலின் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். தயாரிப்பாளர் பீட் ராக்கைக் குருவாக நினைத்தவர் டில்லா. பழைய தட்டின் மேல்சுருதிகளை வடிகட்டி, பேஸை மட்டும் மிச்சம் வைக்கும் வித்தை அந்த வழியில் வந்தது. ஆனால் எதைத் தேர்வது என்ற ருசி அவருடையது.

அந்த நாட்களில் ரூட்ஸ் குழு ஃபார்சைட்டுக்கு முன்னால் மேடையேறிக்கொண்டிருந்தது. ரூட்ஸின் டிரம்மர் குவெஸ்ட்லவ் ஒரு நாள் தன் வாசிப்பை முடித்துக்கொண்டு கிளம்பும்போது, உள்ளே ஃபார்சைட்டின் பாட்டு தொடங்கியது. கிக் டிரம் விழும் இடத்தைக் கேட்டுத் திகைத்து நின்றதாக அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குடித்துவிட்ட மூன்று வயதுக் குழந்தை வாசிப்பதுபோல இருந்தது என்பது அவர் சொன்ன உவமை. டிரம் மெஷின் போல அச்சுப் பிசகாமல் வாசிப்பதே தன் பெருமை என்று பயிற்சி செய்து வந்தவர் குவெஸ்ட்லவ். மெஷின்காரர் ஒருவர் மனிதனைப் போலத் தடுமாறத் துணிந்திருப்பதைக் கேட்டதும், தான் கற்றதை மறுபடி யோசிக்க வேண்டியிருந்தது.

டிரைப்பின் 1996, 1998 தொகுப்புகளை க்யூ-டிப், அலி ஷஹீத் முஹம்மத், டில்லா ஆகியோர் 'தி உம்மா' என்ற கூட்டுப் பெயரில் தயாரித்தார்கள். கூட்டுப் பெயரில் போனதால் எது யாருடைய வேலை என்று வெளியே தெரியவில்லை. டில்லாவின் பெயர் இப்படிப் பல இடங்களில் மறைந்துபோனது. 1997இல் வந்த ஜேனட் ஜாக்சனின் 'காட் டில் இட்ஸ் கான்' பாட்டு தன் வேலை என்று டில்லா சொல்லிவந்தார். தட்டின் உறையில் தயாரிப்பாளர்களாக ஜிம்மி ஜாம், டெரி லூயிஸ், ஜேனட் ஆகியோரின் பெயர்கள்தான் இருந்தன. அதே பாட்டுக்கு அவர் செய்த ரீமிக்ஸின் தலைப்பில் 'ஜே டீயின் பழிவாங்கல்' என்ற பொருளில் சொற்கள் இடம்பெற்றன. பின்னணியில் வேலை செய்கிறவர்களின் உழைப்பை இசைத்துறை எவ்வளவு சுலபமாக விழுங்குகிறது என்பதற்கு அந்தத் தலைப்பு போதும்.

ஒரு குரல், ஒரு நறுக்கு

டில்லாவின் கைவண்ணத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பாட்டு என்றால், ஸ்லம் வில்லேஜின் 'பிளேயர்ஸ்' பாட்டைத்தான் சொல்வேன். தொண்ணூறுகளின் பின்பாதியில் வீட்டு பேஸ்மென்டில் செய்தது. பாட்டு முழுக்க ஒரு குரல் கூட்டம் 'பிளேயர்ஸ்' என்று பாடிக்கொண்டே இருப்பதாகக் கேட்கும். உண்மையில் அந்தக் குரல்கள் அப்படிப் பாடவே இல்லை. சிங்கர்ஸ் அன்லிமிட்டட் என்ற குழு, வாத்தியமில்லாமல் குரல்களை அடுக்கிப் பாடிய 'கிளேர்' என்ற பாட்டின் துண்டு அது. கிளேர் ஒரு குழந்தையின் பெயர். மேலே ராப் ஓட ஓட, நம் காது தானாகவே அதைப் 'பிளேயர்ஸ்' என்று மாற்றிக்கொள்கிறது.

சிறுவயதில் வீட்டில் கேட்ட அதே மாதிரிக் குரல் அடுக்கு இங்கே திரும்பி வந்திருக்கிறது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. 'கிளேர்' பாட்டை முதலில் எழுதிப் பாடியவர் கில்பர்ட் ஓ'சல்லிவன். யாருடைய வழக்கு சாம்பிளின் சுதந்திரத்துக்கு முடிவு கட்டியதோ, அவருடைய இன்னொரு மெட்டு வேறொரு குழுவின் குரல் வழியாக, அடையாளமே தெரியாத நறுக்காக, டெட்ராய்ட் வீடு ஒன்றில் மறுபிறவி எடுத்தது.

எலக்ட்ரிக் லேடி நாட்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் நியூயார்க்கின் எலக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில் ஒரு கூட்டம் சேர்ந்தது. குவெஸ்ட்லவ், பாடகர் டி'ஏஞ்சலோ, கீபோர்டு கலைஞர் ஜேம்ஸ் பாய்ஸர், டில்லா. நால்வருக்கும் கும்ப ராசி என்பதால் சோல்குவேரியன்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். டி'ஏஞ்சலோவின் 'வூடூ', ராப்பர் காமனின் 'லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்', பாடகி எரிக்கா பாடுவின் 'மாமாஸ் கன்' ஆகிய மூன்றும் 2000ஆம் ஆண்டு ஒன்றிலேயே வெளிவந்தன. 'வூடூ'வில் மெஷினே இல்லாத இடங்களிலும் டில்லாவின் தாளம் கேட்கும். அவருடைய பீட்களைக் கேட்டுக் கேட்டு, மேளக்காரரும் பேஸ்காரரும் அதே பிந்தலைக் கையால் வாசிக்கப் பழகியிருந்தார்கள். டிரம்மரைப் பார்த்து மெஷின் செய்தது பழைய வரலாறு. மெஷினைக் கேட்டு டிரம்மர் திருந்தியது இங்கேதான்.

எரிக்கா பாடு டெட்ராய்ட்டுக்கு வந்தபோது நடந்ததை அவரே சொல்லியிருக்கிறார். பேஸ்மென்ட் சுவர் நிறைய இசைத்தட்டுகள். ஏதாவது ஒன்றை எடுங்கள் என்றார் டில்லா. டாரிகா புளூ என்ற அதிகம் அறியப்படாத ஜாஸ்-ஃபங்க் குழுவின் 1977ஆம் ஆண்டுத் தட்டு பாடுவின் கையில் வந்தது. 'டிடன்ட் சா நோ' பாட்டு அதிலிருந்து பிறந்தது. காமனுக்காக பாபி கால்ட்வெல்லின் காதல் பாட்டிலிருந்து செய்த 'தி லைட்' கிராமி பரிந்துரை வரை போனது.

2001இல் 'வெல்கம் டு டெட்ராய்ட்' என்ற தன் முதல் தனித் தொகுப்பை வெளியிட்டார். ஜெர்மெயின் டுப்ரி என்ற இன்னொரு ஜே.டி. இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று பெயரையும் ஜே டில்லா என்று மாற்றிக்கொண்டார். அந்தத் தொகுப்பில் சாம்பிள் மட்டும் இல்லை. டொனால்ட் பேர்டின் ஜாஸ் பாட்டு ஒன்றை வாத்தியங்களோடு மறுபடி வாசித்தார். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்குக்கும் ஒரு வணக்கம் வைத்தார். பிறகு எம்சிஏ நிறுவனத்துக்காகச் செய்த தொகுப்பு கிடப்பில் போடப்பட்டது. அது வெளிச்சத்துக்கு வந்தது 2016இல், அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு.

கடைசித் தொகுப்பு

அதற்குள் உடம்பு கைவிடத் தொடங்கியிருந்தது. டிடிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரிய ரத்த நோய், அதோடு லூபஸ். லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்தவர் 2005இல் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். தாய் மொரீன் டெட்ராய்ட்டிலிருந்து வந்து உடனிருந்து பார்த்துக்கொண்டார். சிறிய ரெக்கார்டு பிளேயரையும் கையடக்க சாம்பிளரையும் நண்பர்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி ஐரோப்பா முழுக்க நிகழ்ச்சி நடத்திவிட்டு வந்தார்.

'டோனட்ஸ்' தொகுப்பு 2006 பிப்ரவரி 7 அன்று, அவருடைய 32ஆவது பிறந்த நாளில் வெளிவந்தது. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 10 அன்று அவர் காலமானார். 31 துண்டுகள், மொத்தம் சுமார் 43 நிமிடம், ராப் கிடையாது. தொகுப்பு முழுவதையும் மரணப் படுக்கையில் செய்தார் என்ற கதை வெகுகாலம் உலவியது. பெரும்பகுதி அதற்கு முன்பே ஒரு பீட் டேப்பாக உருவாகிவிட்டது என்று சார்னஸ் காட்டுகிறார். அந்த உருக்கமான கதை இல்லாமலேயே இந்தத் தொகுப்பு நிற்கும்.

அதில் 'டோன்ட் க்ரை' என்ற துண்டைக் கேளுங்கள். நியூ ஜெர்சியின் ராவே சிறையில் கைதிகளாக இருந்தவர்கள் சேர்ந்து உருவாக்கிய எஸ்கார்ட்ஸ் என்ற சோல் குழுவின் பாட்டு அதன் மூலம். முதலில் அந்தப் பாட்டைக் கிட்டத்தட்ட அப்படியே ஓடவிடுகிறார் டில்லா. மூலம் இதுதான் என்று நமக்குக் காட்டிவிட்டு, பிறகு வெட்டத் தொடங்குகிறார். ஒரு மூச்சு, பாதிச் சொல், ஒரு கிதார் இழுப்பு என்று பிரித்து, வரிசை மாற்றிக் கோர்க்கிறார். அழாதே என்று தேற்றும் பாட்டு, நறுக்கிய பிறகு தானே விம்முகிறது. தொகுப்பின் முதல் துண்டுக்கு 'முடிவுரை' என்று பெயர். கடைசித் துண்டுக்கு 'நிகழ்ச்சிக்கு வரவேற்கிறோம்' என்று பெயர். கடைசியின் வால் முதலின் தலையோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

அவர் இறந்த மறு ஆண்டே ஜாஸ் பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் தன் மூவர் குழுவோடு டில்லாவின் பீட்களை வாத்தியங்களில் வாசித்து வெளியிட்டார். 2009இல் மிகுவெல் அட்வுட்-ஃபெர்குஸன் லாஸ் ஏஞ்சலீஸில் முழு ஆர்கெஸ்ட்ராவோடு அவற்றை மேடையேற்றி, டில்லாவின் தாய்க்குக் காணிக்கையாக்கினார். இன்று முந்தி விழும் ஸ்நேரோடு வாசிக்கும் இளம் டிரம்மர்களில் பலருக்கு, தாங்கள் பின்பற்றுவது ஒரு மெஷின்காரரின் விரல்களை என்பதே தெரியாது.

டில்லா பின்னாளில் பயன்படுத்திய எம்பிசி3000 மெஷின், வாஷிங்டனில் 2016இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் தாய் மொரீன் கொடுத்தது. ஆம்ப் ஃபிட்லர் வாசித்த ஜார்ஜ் கிளின்டன் குழுவின் மேடை விண்கலமும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெஷினைத் தட்டுகிறவர் இசைக்கலைஞரா என்று இன்னும் கேட்கிறவர்கள் உண்டு. டில்லாவுக்குப் பிறகு அந்தக் கேள்விக்கு இடமில்லை என்பது என் முடிவு. அடுத்த அத்தியாயத்துக்குள் 'டோனட்ஸ்' தொகுப்பை ஒருமுறை ஹெட்ஃபோனில் முழுதாகக் கேட்டுவிடுங்கள். மெட்டை விட்டுவிட்டு, ஸ்நேர் எங்கே விழுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

(தொடரும்)